கைபேசியை வாங்கும் முன் ஒரு கையெழுத்து

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி இருக்கிற சிறிய ஊர் மேல்பட்டாம்பாக்கம். அங்கே வாழும் ஒரு பெண்ணின் படத்தை யாரோ ஒருவன் ஆபாசமாகத் திருத்தி இணையத்தில் பரப்பிவிட்டால், அவர் முதலில் படியேற வேண்டியது பக்கத்தில் உள்ள நெல்லிக்குப்பம் காவல் நிலையம். அடுத்தது கடலூரில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆவது பிரிவு, இத்தகைய குற்றங்களை ஆய்வாளரோ அவருக்கு மேற்பட்ட அதிகாரியோதான் புலனாய்வு செய்ய வேண்டும் என்கிறது. எந்த நிலையத்துக்குப் போனாலும் அவர் கையில் உள்ள முதல் சாட்சியம் அவருடைய செல்போன்தான். அதை மேசைமேல் எடுத்து வைத்த நொடியிலிருந்து குடும்பப் படங்கள், வங்கிக் கணக்கு, மருந்துச் சீட்டு, தோழியிடம் அழுதுகொண்டே பேசிய குரல்பதிவு என்று அவருடைய வாழ்க்கை முழுவதும் காவல் துறையின் கைக்குப் போய்விடுகிறது. பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. குற்றவாளியிடமிருந்து அவருடைய டிஜிட்டல் உரிமையைக் காப்பது காவல் துறையின் கடமை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். காவல் நிலையத்துக்குள் அந்த உரிமை என்ன ஆகிறது என்பதைத்தான் பேசாமல் விட்டுவிட்டோம். இரண்டாவதைச் சரிசெய்யாமல் முதலாவது நடக்காது. ஏனென்றால், தன் படமும் பெயரும் நிலையத்துக்குள் பத்திரமாக இருக்கும் என்று நம்பாத பெண் புகார் கொடுக்கவே வரமாட்டார்.

புகார் கொடுத்த பிறகும் காப்பாற்றப்படாத உயிர்கள் உண்டு. 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டிய படம் பேஸ்புக்கில் வந்தது. பெற்றோர் காவல் துறையிடம் போனார்கள். படம் உடனே நீங்கவில்லை. மறுபடியும் ஒரு படம் வந்தது. சில நாட்களில் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். புகாரை விசாரித்த காவலர் கைபேசி ஒன்றை லஞ்சமாகக் கேட்டார் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அன்று மாவட்டங்களில் இருந்தவை சைபர் பிரிவுகள் மட்டுமே. இன்று மாவட்டந்தோறும் தனிக் காவல் நிலையங்கள் இருக்கின்றன; 1930 என்ற உதவி எண் இருக்கிறது; எந்த நிலையத்திலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதியலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. இவை எல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். ஆனால், இவை புகார் உள்ளே போகும் வழியை அகலப்படுத்தியிருக்கின்றனவே தவிர, உள்ளே போனவரின் தகவல் எப்படிக் கையாளப்பட வேண்டும் என்பதை மாற்றவில்லை.

அதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கு வெளியே வந்தபோது, பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர் சந்திப்பில் சொல்லிவிட்டார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அந்தப் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை, மாணவியின் அடையாளங்களோடு இணையத்தில் பரவியது. புதிய குற்றவியல் சட்டங்களுக்கு மாறியபோது மென்பொருளில் ஏற்பட்ட கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2016-ல். டிசம்பர் 28 அன்று நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், வி.லட்சுமிநாராயணன் அமர்வு மீண்டும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. பொள்ளாச்சியில் ஒன்பது பேருக்கும், அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஒருவருக்கும் 2025-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. குற்றவாளிகளைத் தண்டிப்பதில் இரண்டு வழக்குகளும் முடிவை எட்டின. பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காப்பதில் இரண்டும் தொடக்கத்திலேயே தோற்றுப்போயின.

மூன்றாவது வழக்கு இன்னும் வேதனையானது. ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டுப் பல இணையதளங்களில் பரவின. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அவற்றை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். விசாரணையின்போது வேறு இரண்டு செய்திகள் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தன. காவல் துறை ஆவணத்தில் அவருடைய பெயரே இடம்பெற்றிருந்தது. குற்றவாளியை அடையாளம் காட்டுவதற்காக ஏழு ஆண் காவலர்கள் முன்னிலையில் அவர் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. சட்டம் படித்து, நீதிமன்றத்தில் வாதாடும் ஒருவருக்கே இப்படி என்றால், கரும்பு வெட்டப் போகும் ஒரு பெண்ணுக்கு என்ன நேரும்? இதை நினைக்கும்போது கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை அந்த ஏழு பேர்மீது மட்டும் இறக்கிவைப்பது எளிது. அவர்களில் யாரும் அந்தப் பெண்ணை அவமதிக்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு காணொளியை யார் பார்க்கலாம், எத்தனை பேர் பார்க்கலாம், பார்த்ததை எங்கே பதிய வேண்டும் என்று அவர்கள் கையில் எந்தத் தாளும் இல்லை என்பதே இங்கே முக்கியமான குறை.

அண்ணா பல்கலைக்கழக வழக்கின் இன்னொரு பக்கம் இதை மேலும் தெளிவாக்குகிறது. முதல் தகவல் அறிக்கை கசிந்தது காவல் துறையின் கணினிக் கட்டமைப்பு வழியாக. கசிவை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு பறிமுதல் செய்தது செய்தியாளர்களின் கைபேசிகளை. சென்னைப் பத்திரிகையாளர் மன்றம் நீதிமன்றத்துக்குப் போனது. கைபேசிகளைத் திருப்பித் தருமாறு 2025 பிப்ரவரியில் நீதிபதி ஜி.கே.இளந்திரையன் உத்தரவிட்டார். ஒரு செய்தியாளரின் கைபேசியில் அந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத நூறு பேர் நம்பிக்கையோடு சொன்ன செய்திகள் இருக்கும். அவர்கள் யாரும் சந்தேக நபர்கள் இல்லை. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவும் இல்லை.

காவல் துறையின் கைக்குள் போன ஒன்றுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க ஒரு தாளாவது வேண்டும் என்பதைக் கடலூர் மாவட்டம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1993-ல் முதனை கிராமத்திலிருந்து திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது காவல் துறை. அவருடைய மனைவி விடவில்லை; வழக்கறிஞர் கே.சந்துரு ஆட்கொணர்வு மனுவோடு நின்றார். 2006-ல் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 'ஜெய் பீம்' படம் இந்த வழக்கிலிருந்துதான் பிறந்தது. 'அவர் இங்கே வந்தார், இந்த நேரத்தில், இந்த நிலையில்' என்று சாட்சியோடு எழுதப்பட்ட ஒரு தாள் அன்று இருந்திருந்தால், 'ஓடிவிட்டார்' என்பதை அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க முடியாது. அந்தத் தாளைக் கட்டாயமாக்கியது 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுதி உறவினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உடலில் உள்ள காயங்களைப் பதிய வேண்டும். காவல் மரணங்கள் அதோடு நின்றுவிடவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால், அதன்பிறகு நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்விகளின் தரம் மாறியது. நான் முன்வைப்பது இந்த ஒன்றைத்தான். காவலுக்குள் போகும் உடலுக்கு ஒரு குறிப்பாணை இருப்பதுபோல, காவலுக்குள் போகும் கைபேசிக்கும் ஒரு குறிப்பாணை வேண்டும்.

இப்போது இருப்பது பறிமுதலின்போது எழுதப்படும் மகஜர். கைபேசியின் நிறுவனம், நிறம், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் எண் ஆகியவை அதில் இருக்கும். கைபேசி ஒரு பொருள் என்ற அளவில் அது போதும். அதற்குள் எதைத் தேடினார்கள், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பார்த்தார்கள், யார் பார்த்தார்கள், நகல் எடுத்தார்களா என்று அதில் ஒரு வரியும் இராது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் காணொளியாகப் பதிவுசெய்யச் சொல்கிறது. நல்ல பிரிவு அது. ஆனால், வீட்டு அலமாரியைச் சோதிப்பதைப் படம்பிடிக்கும் கேமரா, நிலையத்தில் உட்கார்ந்து வாட்ஸ்அப் உரையாடலை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும் விரலைப் படம்பிடிப்பதில்லை. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு 'ஹாஷ்' மதிப்பு கொண்ட சான்றிதழ் கேட்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால் திருத்தலைக் கண்டுபிடிக்கலாம். அதுவும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் பகுதிக்குத்தான். தாக்கல் செய்யாமல் வெறுமனே பார்க்கப்பட்ட மீதி வாழ்க்கைக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

இதில் உள்ள முரண்பாட்டைப் பாருங்கள். ஒருவர் நாளை பேசப்போகும் தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். அதற்குக் காலவரம்பு உண்டு. மறுஆய்வுக் குழு உண்டு. பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட பாதை அது. அந்தப் பாதையை மீறி 2011-ல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது; குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்றாலும் சட்டம் சொல்லும் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாமல் ஒட்டுக்கேட்க முடியாது என்றது. யார் யாரோடு பேசினார் என்ற அழைப்புப் பட்டியலை நிறுவனத்திடமிருந்து வாங்கவே எஸ்.பி. நிலை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஆனால், பத்து ஆண்டுகளாக அவர் எழுதியதும் பேசியதும் படம்பிடித்ததும் கொண்ட கைபேசியைத் திறக்க, 'பேட்டர்ன் போடு' என்று ஒரு குரல் போதுமானதாக இருக்கிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன நாட்டில் இந்த இடைவெளி நீடிக்கக் கூடாது.

எழுத வேண்டியது ஒரே தாள். எந்த வழக்குக்காக, எந்தச் செய்திக்காக, எந்தக் காலத்துக்குள் தேடப்படுகிறது, யார் திறந்தார், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடினார், நகல் எடுத்தால் அதன் ஹாஷ் எண், கைபேசி எப்போது திரும்பக் கிடைக்கும். கீழே உரிமையாளரின் கையெழுத்து, அவருக்கு ஒரு பிரதி. புகார்தாரர் என்றால் இன்னும் இரண்டு வரிகள் கூடும்: அந்தரங்கக் காட்சியைப் பெண் அதிகாரி ஒருவர் மட்டுமே பார்ப்பார், ஆவணங்களில் பெயருக்குப் பதில் குறியீடு இருக்கும். சந்தேக நபரின் கைபேசி என்றால் நீதித்துறை நடுவரின் அனுமதி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் ரைலி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது இதைத்தான். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் கைபேசிச் சோதனைக்குத் தனி வழிமுறைகளை வகுத்தது. கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நம் நீதிமன்றங்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அது தீரும் வரை, மிரட்டிக் கேட்டார்களா, தானாகச் சொன்னாரா என்பதையாவது எழுதிவைக்க வேண்டும்.

களத்தில் வேலை செய்யும் காவலர்களிடமிருந்து வரக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. இணையக் குற்றத்தில் நேரம்தான் எல்லாம். 2024-ல் இந்தியர்கள் இணைய மோசடிகளில் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் வேகத்தில், நடுவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க முடியுமா? காத்திருக்க வேண்டியதில்லை. ஏமாந்தவர் தன் கைபேசியைத் தானே நீட்டும்போது ஒரு தாளை நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். அதை 1930-க்கு அழைத்துப் பணத்தை முடக்கிய பிறகும் நிரப்பலாம். சந்தேக நபரின் கைபேசியில் உள்ளதைத் தொலைவிலிருந்து அழித்துவிடுவார்கள் என்றால், கைபேசியைக் கைப்பற்றி அலைவரிசையைத் துண்டித்து முத்திரையிட யார் அனுமதியும் வேண்டாம், திறப்பதற்குத்தான் அனுமதி. உயிருக்கு ஆபத்து என்ற அவசரத்தில் உடனே திறந்துவிட்டு, காரணத்தை எழுதி நடுவருக்கு அனுப்பலாம். வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதிக்கும் அதிகாரி காரணத்தை எழுதி 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்று சன்ஹிதாவின் 185-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. வீட்டுக்கு முடிகிறது என்றால் கைபேசிக்கும் முடியும்.

அவசரத்தின் பெயரில் அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வங்கிக் கணக்கு முடக்கமே சான்று. மோசடிப் பணத்தில் சிறு பகுதி எங்கோ வழியாக வந்து விழுந்ததற்காக, ஒரு வணிகரின் முழுக் கணக்கையும் மாதக்கணக்கில் முடக்கும் வழக்கத்தை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. சந்தேகத் தொகை எவ்வளவோ அவ்வளவை மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னது. காவல் துறை அந்தக் கணக்குக்காரரைத் துன்புறுத்த நினைக்கவில்லை. யாருக்கோ போன பணத்தை மீட்கத்தான் நினைத்தது. அப்படி ஒருவரின் உரிமையைக் காக்கப் போய் இன்னொருவரின் பிழைப்பை அறுத்துவிட்டது. அளவை எழுதிவைக்கும் கட்டாயம் இருந்திருந்தால் அந்தக் கைத்தவறு பாதி குறைந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு, ஆள் பற்றாக்குறை. பந்தோபஸ்து, நீதிமன்ற அலுவல், விபத்து விசாரணை என்று திணறும் ஊரக நிலையத்தில் ரைட்டர் இன்னொரு தாளையும் எழுத வேண்டுமா? கைதுக் குறிப்பாணை வந்தபோதும் இதே சலிப்பு இருந்திருக்கும். இன்று அது அன்றாட வேலை. உண்மையில், சுமையைக் கூட்டுவது தாள் அல்ல, குவிந்து கிடக்கும் கைபேசிகள். தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போன கைபேசி திரும்ப மாதங்கள் ஆகும்போது, உரிமையாளர் மாதம் இரண்டு முறை நிலையத்துக்கு வந்து நிற்கிறார். கூலி வருவதும் ஓ.டி.பி. வருவதும் அந்த எண்ணுக்குத்தான் என்பதால் புகார் கொடுத்தவரே தண்டனை அனுபவிக்கிறார். தேவையான பகுதியை மட்டும் ஹாஷ் எண்ணோடு நகலெடுத்துக் கைபேசியை அன்றே திருப்பிக் கொடுக்க மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற குழு போதும்.

மூன்றாவது மறுப்பைப் பொதுமக்களே சொல்வார்கள்: தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? இதற்குப் பதிலும் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2003-ல் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி மீறித் திருமணம் செய்துகொண்ட ஓர் இளம் இணையை உறவினர்கள் தேடிப் பிடித்துவந்து நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தார்கள். அந்த வழக்கில் உண்மையை மறைத்த காவல் அதிகாரிகள் இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கொல்லப்பட்ட அந்த இணை ஒரு தப்பும் செய்யவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற ஒரு செய்திதான் அவர்களுடைய உயிர். அன்று அதைத் தெரிந்துகொள்ள ஊர் ஊராகத் தேட வேண்டியிருந்தது. இன்று பாதுகாப்புக் கேட்டு வரும் இணையின் கைபேசியை வாங்கி, கடைசியாக யாரோடு பேசினார்கள், யார் அடைக்கலம் கொடுத்தார் என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அதைப் பார்த்தவர் யார் என்று பதிவு இல்லாத நிலையத்தில், அந்தச் செய்தி எந்த வழியாக ஊருக்குப் போனது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது.

கட்டமைப்பின் பலவீனத்தையும் மறந்துவிட முடியாது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல் துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியார் ஊடுருவினர். தகவல்கள் வெளியே போயின. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தும், குற்றத் தடுப்பு, புலனாய்வுப் பணிகளுக்கு அதன் 17-ஆவது பிரிவு பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஒரு துணிக்கடை வாடிக்கையாளரின் எண்ணை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. காவல் நிலையம் எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அதற்கு நிகராக எதுவும் இல்லை.

பதிவு என்பது காவல் துறைக்கு எதிரானது என்ற எண்ணம் தவறு. 2020-ல் சாத்தான்குளம் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு உள்ளானபோது, கண்காணிப்பு கேமராவின் காட்சிகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன நடுவர் கண்டார். சேமிக்க இடம் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து 18 மாதப் பதிவை வைத்திருக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி தாக்கப்பட்டு இறந்தபோது உண்மையை வெளியே கொண்டுவந்தது மறைந்திருந்து ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளி. அந்தக் கைபேசி அன்று பறிமுதலாகி, பதிவு இல்லாமல் திறக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேர்மையாக வேலை செய்யும் அதிகாரிக்கும் இந்தத் தாள் கவசம்தான். 'என் படத்தைப் போலீஸ்தான் வெளியே விட்டது' என்ற குற்றச்சாட்டு எழும்போது, 'திறந்தது இவர், பார்த்தது இது, மூடியது இத்தனை மணிக்கு' என்று காட்ட அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

மின்னணுக் கருவிகளைப் பறிமுதல் செய்வதற்கு வழிமுறை வகுக்குமாறு 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டி.கே.பாசு அனுப்பிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது 1986-ல்; தீர்ப்பு 1996-ல்; அந்த விதிகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் நுழைந்தது 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அந்த 22 ஆண்டுகளில் எத்தனை உடல்கள் கணக்கில்லாமல் போயின என்பதை நாம் அறிவோம். புகார்தாரரின் கைபேசிக்கான குறிப்பாணையைக் காவல் துறைத் தலைமை இயக்குநரின் ஒரு சுற்றறிக்கையாலேயே நடைமுறைக்குக் கொண்டுவரலாம்; சந்தேக நபருக்கான நடுவர் அனுமதிக்குச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவரலாம். மீறினால் முறையிட, உள்துறைச் செயலாளர் தலைமையில் இயங்கும் காவல் புகார் ஆணையத்தை ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமைக்கு மாற்ற வேண்டும். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டதும் அதுவே. வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரிக் காவல் பயிற்சி அகாடமியில் அடுத்து சேரும் உதவி ஆய்வாளர்கள், கைதுக் குறிப்பாணையை எழுதிப் பழகும் அதே வாரத்தில் இதையும் எழுதிப் பழகட்டும்.